பூரணம் வைத்த பிரெஞ்ச் டோஸ்ட்: ஐந்து ஞாயிறு, ஒரு தோசைக்கல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, சுட்டு எடுத்த டோஸ்ட்டை நடுவில் வெட்டிப் பார்த்தேன். பூரணம் வைத்த இடத்திலேயே இருந்தது. ரொட்டி உள்வரைக்கும் வெந்து பஞ்சாக நின்றது. தட்டில் ஒரு சொட்டு நீர் இல்லை. இந்த மூன்றும் ஒரே துண்டில் சேர்ந்து வருவதற்கு ஐந்து ஞாயிறு பிடித்திருக்கிறது. அளவெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

தொடங்கி வைத்தது தங்கச்சி மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு கடையில் சாப்பிட்டதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கனமான ரொட்டித் துண்டு இரண்டு, ஒன்றில் இனிப்பு, ஒன்றில் கறி. ஒரு தட்டு 340 ரூபாய். "பெரியம்மா, நம்ம பாம்பே டோஸ்ட்தான் இது. வயித்துக்குள்ள என்னமோ வச்சுத் தைச்சிருக்கான். நான் லீவுக்கு வரும்போது செஞ்சு தாங்க" என்றாள். முட்டையில் முக்கிச் சுடும் ரொட்டிதானே, இதில் என்ன கஷ்டம் என்று நானும் சரி சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டு ஞாயிறுக்கு இது பொருந்தியும் வரும். ஊர் பாளையங்கோட்டை. காலை ஆறரைக்கு ஒரு காபியும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போனால், கோயில் (சர்ச்தான்) முடிந்து வீடு வந்து சேரப் பத்து மணியாகிவிடும். அதற்குமேல் இட்லி ஊற்றினால் மதியக் கறிச்சோறு இறங்காது. அதனால் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் கனமாக ஒன்று சாப்பிட்டுவிட்டு, சோற்றை மூன்று மணிக்குத் தள்ளிவிடுவோம். இதற்கு, பிரேக்ஃபாஸ்டும் லஞ்சும் சேர்ந்த ‘பிரஞ்ச்’ (brunch) என்று பெயர் உண்டு, 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி ஒரு வேளைச் சாப்பாடு வேண்டும் என்று கட்டுரையே எழுதினார் என்பதை மகன்தான் சொன்னான். எங்கள் தெருவில் கட்டுரை இல்லாமலே நடக்கிறது.

முதல் ஞாயிறு. கடையில் கிடைக்கும் ஸ்லைஸ் பிரெட். ஒரு ஸ்லைஸ் 1.2 செ.மீ. கனம் இருந்தது. இரண்டு ஸ்லைசுக்கு நடுவில் பூரணம் வைத்து, சாண்ட்விச் போல அமுக்கி, முட்டையில் முக்கிச் சுடுவது என்று திட்டம். திருநெல்வேலியில் இருந்துகொண்டு இனிப்புக்கு வேறு எதைத் தேடுவது? டவுனில் வாங்கிய அல்வா பிரிட்ஜில் இருந்தது. அதையே 40 கிராம் எடுத்துத் தடவினேன். காரத்துக்கு, முந்தின நாள் கறிக்குழம்பில் இருந்த துண்டுகளைப் பிய்த்து, கெட்டிக் குழம்போடு வைத்தேன்.

அல்வாவில் பாதி நெய்யும் சர்க்கரையும்தான். ஆறியிருக்கும்போது கட்டியாக நிற்கிறது. சூடு பட்டதும் இளகி வழிகிறது. கல்லில் போட்ட இரண்டாம் நிமிடமே நாலு பக்கமும் ஒழுகி, சர்க்கரை கருகி, அடுக்களை முழுக்கப் புகை. கறி டோஸ்ட் வேறு விதமாகக் கெட்டது. குழம்பின் நீர் உள்ளிருந்தும், முட்டையும் பாலும் சேர்த்து அடித்த முட்டைப்பால் வெளியிருந்தும் ஊற, ரொட்டி நடுவில் கஞ்சியாகிவிட்டது. திருப்பும்போது பாதிதான் கரண்டியோடு வந்தது.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. தட்டைப் பார்த்துவிட்டு, "ஏளா, அல்வாவைக் கையில வச்சுத் தின்னா ஆவாதா? அதைப் போயி முட்டைக்குள்ள முக்கிக் கல்லுல ஏத்தணுமா?" என்றார்கள். நியாயமான கேள்வி.

அதைவிடப் பெரிய நஷ்டம் தோசைக்கல். பதினெட்டு வருடம் பழகிய இரும்புக் கல். எண்ணெய் தடவாமலே தோசை எழும்பும். கருகிய சர்க்கரை அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டது. கம்பி நார் போட்டுத் தேய்க்க அத்தை விடவில்லை. வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, உடைந்த தேங்காய்ச் சிரட்டையின் ஓரத்தால் சுரண்டினேன். பிறகு கல்லுப்பைப் போட்டு வறுத்து, துணியால் அழுத்தித் துடைத்து, நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துச் சூடு காட்டினேன். திங்கட்கிழமை முதல் நாலு தோசை பிய்ந்துபோனது, காக்காய்க்குப் போயிற்று. புதன்கிழமைதான் தோசை முழுசாக எழுந்தது. அதோடு முடிவு செய்தேன்: இந்தக் கல்லில் இனிப்பு ஏறாது. 24 செ.மீ. நான்ஸ்டிக் தவா ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். டோஸ்ட் கணக்கில் முதல் செலவு அது.

இரண்டாம் ஞாயிறுக்கு ரொட்டியை மாற்றினேன். இரண்டு ஸ்லைசை ஒட்டினால் ஓரம் பிரிந்துதான் தீரும். ஒரே கனத்த துண்டின் பக்கவாட்டில் பை மாதிரி கிழித்து, அதற்குள் பூரணத்தைத் திணிக்க வேண்டும். அதற்கு ஸ்லைஸ் போடாத முழு ரொட்டி வேண்டும். பக்கத்து பேக்கரியில் சாயங்காலம் நாலு மணிக்கு ரொட்டி இறங்கும். மிஷினில் போடுவதற்கு முன் சொல்லி வைத்தால் முழுசாகத் தருவார்கள். 400 கிராம் பால் ரொட்டி, 55 ரூபாய், நீளம் 20 செ.மீ. மூன்று மூன்று செ.மீ.யாக வெட்டினால் நல்ல துண்டு ஐந்து தேறும். இரண்டு முனையும் கழிவு.

வெட்டுவதுதான் பாடு. காய் வெட்டும் கத்தி புது ரொட்டியை நசுக்கிவிட்டது. வீட்டுக்காரர் தன் டூல் பெட்டியில் இருந்து புது ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து, வெந்நீரில் கழுவி, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கொண்டுவந்து கொடுத்தார். அறுக்கத்தான் செய்தது. ஆனால் பல் மிகவும் பொடிசு. தச்சுப் பட்டறை மாதிரி ரொட்டித் தூள் கொட்டியது. கடைசித் துண்டில் பிளேடின் பெயிண்ட் நீலமாக ஒரு கோடு போட்டிருந்தது. அந்தத் துண்டைத் தூரப் போட்டோம். மறுநாள் பல் வைத்த ரொட்டிக் கத்தி 180 ரூபாய்க்கு வந்தது. வேறு எதையாவது வைத்துச் சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அதை வாங்கிவிடுங்கள். பை கிழிக்க மட்டும் பழம் நறுக்கும் ஒல்லிக் கத்தி போதும். மேல்தோலின் நடுவில் நுழைத்து, உள்ளே விசிறி மாதிரி இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மூன்று ஓரத்திலும் ஒரு செ.மீ. விட்டுவிட வேண்டும். வாய் 5 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. முதல் தடவை நான் வாயை முழு அகலத்துக்குத் திறந்தேன். தவாவில் அது தவளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டது.

அன்றைக்கு உள்ளே வைத்தது, வெட்டிய ஏத்தன்பழம் (நேந்திரம் பழம்), சீவிய உடன்குடிக் கருப்பட்டி, தேங்காய்த் துருவல். எல்லாம் பச்சையாக, அப்படியே. வாசனை அருமை. ஆனால் சூட்டில் கருப்பட்டி கரைந்து, பழம் நீர் விட்டு, மறுபடியும் அதே கஞ்சி. அத்தோடு தீயும் அதிகம். வெளியே கருப்பு, நடுவில் பச்சை முட்டை. மகன் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருந்தான், 350 ரூபாய் என்றான். அதைக் குத்திப் பார்த்தால் நடுவில் 58 டிகிரிதான். முட்டை கலந்த எதுவும் 71 டிகிரி தாண்ட வேண்டும். அன்றிலிருந்து கண்ணை நம்புவதில்லை, குத்தித்தான் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று புரிந்தது. ரொட்டிக்கு ஈரம் வெளியில் இருந்து, முட்டைப்பாலில் இருந்து மட்டும்தான் வர வேண்டும். உள்ளே வைப்பது எதுவானாலும் தன் தண்ணீரை ஏற்கனவே அடுப்பில் விட்டிருக்க வேண்டும். கொழுக்கட்டைப் பூரணத்தை யாராவது பச்சையாகவா வைப்பார்கள்? நாற்பது வருடம் கொழுக்கட்டை பிடித்த கைக்கு இது தோன்ற இரண்டு ஞாயிறு ஆனதுதான் வெட்கம்.

மூன்றாம் ஞாயிறு முழுக்க ரொட்டியைக் காயவைக்கும் கதை. இந்தப் பண்டத்துக்கு பிரான்சில் பான் பெர்தூ என்று பெயர், வீணாய்ப்போன ரொட்டி என்று அர்த்தம். காய்ந்துபோய் வேறு எதற்கும் ஆகாத ரொட்டியைப் பிழைக்கவைக்கத்தான் இந்த வழியே வந்திருக்கிறது. நானோ சனிக்கிழமை நாலு மணிக்குச் சூடாக இறங்கிய ரொட்டியை ஞாயிறு காலை முக்கிக்கொண்டிருந்தேன். கவரில் கட்டி வைத்தது, அப்போதும் ஈரப்பதம் குறையவில்லை. அது முட்டைப்பாலைக் குடிக்காது. மேலே மட்டும் வழுவழுவென்று பூசிக்கொள்ளும்.

வெட்டிய துண்டுகளை முறத்தில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு இரவு வைத்தேன். காலையில் துணியை எடுத்தால் சிவப்பெறும்பு ஊர்வலம். பால் ரொட்டியில் சர்க்கரை இருப்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. ஐந்தில் இரண்டு போயிற்று. பிரிட்ஜில் வைத்துக் காயவைத்துப் பார்த்தேன்; காய்ந்தது, ஆனால் கருவாட்டு வாசமும் சேர்ந்து வந்தது. டப்பா மூடியிருந்தும் எப்படித்தான் வருமோ. இனிப்பு டோஸ்ட்டில் நெத்திலி வாசம் அடித்தால் யார் சாப்பிடுவது?

கடைசியில் கைகொடுத்தது காற்று. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்; எங்களுக்குச் சாரல் கிடையாது, மலையைத் தாண்டி இறங்கும் காற்று மட்டும்தான். கொடியில் போட்ட வேட்டி அரை மணியில் காய்ந்துவிடும். நாலு கால் வைத்த கம்பித் தட்டில் ரொட்டித் துண்டுகளை இடைவெளி விட்டு நிறுத்தி, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய சின்னக் கிண்ணத்தில் வைத்து, பின்கட்டு ஜன்னல் ஓரம் வைத்தேன். எறும்பு ஏறவில்லை. சனி மாலை ஆறு மணிக்கு ஒரு துண்டு 60 கிராம். இரவு பத்துக்கு 54 கிராம். மேல்புறம் தொட்டால் மொறமொறவென்று, அமுக்கினால் உள்ளே கொஞ்சம் மெத்தென்று. அந்தப் பதம்தான். அதற்குமேல் விட்டால் பை கிழிக்கும்போது உடைகிறது. அதனால் பையை முதலிலேயே, ரொட்டி மெத்தென்று இருக்கும்போதே கிழித்துவிட்டுக் காயவைப்பது நல்லது. உள்சுவரும் சேர்ந்து காயும்.

அன்றைக்கு ரொட்டி தேறியது, மற்றது சொதப்பியது. ஒரே முட்டைப்பாலில் இனிப்பையும் காரத்தையும் முக்கினேன். சர்க்கரையைக் குறைத்துப் போட்டால் இரண்டுக்கும் ஆகும் என்று நினைப்பு. இரண்டுக்கும் ஆகவில்லை. அத்தோடு ஒரே தவா. காரத்தை முதலில் சுட்டால் இனிப்பில் கறி வாசம். இனிப்பை முதலில் சுட்டால் தவாவில் ஒட்டிய கருப்பட்டி காரத்தில் கருப்புக் கருப்பாகப் பிடிக்கிறது. நடுவில் கழுவினால் பாத்திரம் ஆறி, நேரம் இரட்டிப்பு. காரத்துக்குத் தோசைக்கல்லையே கேட்டேன். சர்க்கரை ஒரு துளியும் இல்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அத்தை சம்மதித்தார்கள்.

பூரணம் இரண்டும் நாலாம் ஞாயிறுதான் சரியாக அமைந்தது. பொறுமையாக எழுதுகிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனிப்புக்கு, நன்றாகப் பழுத்து தோலில் கரும்புள்ளி விழுந்த ஏத்தன்பழம் இரண்டு. உரித்தபின் 220 கிராம். ஒரு செ.மீ. துண்டாக நறுக்கி, இரண்டு தேக்கரண்டி நெய்யில் ஓரம் சிவக்கும்வரை வதக்க வேண்டும். ஆறு நிமிடம். பூவன் பழம் வேண்டாம், குழைந்துவிடும். நூறு கிராம் கருப்பட்டியை 50 மி.லி. தண்ணீரில் கரைத்து வடிகட்டியே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல கருப்பட்டியானாலும் அடியில் மண் நிற்கும், ஒரு பல்லில் பட்டால் போதும், மொத்த டோஸ்ட்டும் போச்சு. வடிகட்டியதைப் பழத்தில் ஊற்றி, 60 கிராம் தேங்காய்த் துருவல், கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, இரண்டு ஏலக்காய். கருப்பட்டிக்குச் சுக்கு சேர்ந்தால்தான் எனக்கு நிறைவு. சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். கடைசியில் 260 கிராம் இருந்தது. கருப்பட்டி கரைத்த தண்ணீரை விட்டுவிட்டுப் பார்த்தாலும், போட்டதில் மூன்றில் ஒரு பங்கு நீராகப் பறந்திருக்கிறது. இரண்டாம் ஞாயிறு அந்த நீர் முழுக்க ரொட்டிக்குள் இறங்கியிருந்தது. ஆறியதும் 45 கிராம் உருண்டையாக எடுத்து, பைக்குள் நுழைகிற மாதிரி அடையாகத் தட்டி, பிரிட்ஜில் ஒரு மணி நேரம். குளிர்ந்த அடை பைக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. சூடானதைக் கரண்டியால் திணித்தால் ரொட்டி கிழியும்.

காரத்துக்குக் கொத்துக்கறி. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கறி எடுப்போம். சனிக்கிழமையே 250 கிராம் தனியாகக் கொத்தி வாங்கிக்கொண்டேன், 240 ரூபாய். மஞ்சள், உப்பு, அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில். பிறகு சீனிச்சட்டியில் (வாணலியில்) சோம்பு, கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) நூறு கிராம், பச்சைமிளகாய் இரண்டு வதக்கி, கறியைக் கொட்டி, தாராளமாக மிளகு தட்டிப்போட்டுச் சுக்காவாக வற்றவிட வேண்டும். தக்காளி கூடாது. வற்றிவிட்டதா என்பதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை: கறியை ஒரு பக்கமாக ஒதுக்கி, சட்டியைச் சாய்த்துப் பத்து வரை எண்ணுவேன். ஒதுக்கிய இடத்தில் நீர்க்கோடு ஊறி வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. கொழுப்பு மட்டும் பளபளத்தால் அதை வடித்துவிட்டு இறக்கலாம்.

இதற்கும் ரொட்டிக்கும் நடுவில் என்னமோ குறைந்தது. முட்டை, கறி, நெய் எல்லாம் ஒரே பக்கம் இழுத்தன. தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைக்கிற அன்றைக்கு இஞ்சித் துவையல் அரைப்போம், தேங்காய்ப்பாலின் திகட்டலை அதுதான் வெட்டும். அந்த வாரம் சொதி வைத்ததில் மிஞ்சிய துவையல் இருந்தது. பையின் உள்சுவரில் அரைத் தேக்கரண்டி தடவினேன். அவ்வளவுதான், குறை தீர்ந்தது. புளியும் இஞ்சியும் முட்டை வாசத்தையே காட்டவில்லை. கெட்டித் துவையலாக இருக்க வேண்டும், நீர்க்க அரைத்தது ஆகாது. சீஸ் ஸ்லைஸ் வைக்கலாமே என்று மகன் சொன்னான், ஒன்றில் வைத்தேன். உருகி வெளியே வந்து கல்லில் ஒட்டியது. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் சீஸ் அன்றோடு நின்றது.

பையின் வாயை அடைப்பதற்கு மைதாப் பசை, பல்குத்தி இரண்டையும் பார்த்தாகிவிட்டது. பசை வேகாமல் வெள்ளையாக நின்றது. பல்குத்தியை எடுக்க மறந்து வீட்டுக்காரர் கடித்தார். இரண்டுமே வேண்டாம். முட்டைப்பாலில் இருந்து எடுத்ததும், துண்டை வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி தவாவில் நிறுத்தி, இடுக்கியால் முப்பது வினாடி பிடித்துக்கொண்டால் போதும். முட்டை அங்கேயே உறைந்து வாயை ஒட்டிவிடுகிறது. இதை யாரும் சொல்லித் தரவில்லை. நாலாம் ஞாயிறு ஒரு துண்டு கை தவறிச் செங்குத்தாக விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வாய் மூடியிருந்தது. ஐந்து வாரத்தில் எனக்குத் தானாகக் கிடைத்த ஒரே நல்ல விஷயம்.

நாலாம் ஞாயிறு மிச்சமிருந்த தப்பு, காரத்தின் முட்டைப்பாலில் பொடியாக நறுக்கிய உள்ளியைக் கலந்தது. ஆம்லெட் பழக்கம். உள்ளி ரொட்டியில் ஒட்டாமல் கல்லில் விழுந்து கருகியது. உள்ளி உள்ளேயே இருக்கட்டும், வெளியே மிளகும் உப்பும் போதும்.

ஐந்தாம் ஞாயிறு, தங்கச்சி மகள் வந்திருந்தாள். ஐந்து பேருக்கு இனிப்பு ஐந்து, காரம் ஐந்து. இரண்டு ரொட்டி. சனிக்கிழமை மாலையே வெட்டி, பை கிழித்து, காயவைத்தாயிற்று. பூரணம் இரண்டும் பிரிட்ஜில். கோயிலுக்குப் புறப்படும் முன் துண்டுகளில் பூரணத்தை வைத்துத் தட்டில் மூடிவிட்டேன். திரும்பி வந்து முட்டை உடைப்பதும் சுடுவதும் மட்டும்தான்.

இனிப்புக்கு முட்டை 3, பால் 200 மி.லி., சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரையைக் கூட்டாதீர்கள், உள்ளே இருப்பது போதும், வெளியே கருகத்தான் செய்யும். காரத்துக்கு முட்டை 5, பால் 100 மி.லி., மிளகுத்தூள், உப்பு, மஞ்சள் கொஞ்சம். இரண்டையும் ஒரு தடவை வடிகட்டினேன். வெள்ளைக்கரு நூல் நூலாகத் தொங்காது. காய்ந்த துண்டு ஒன்று 65 மி.லி. வரைக்கும் குடிக்கிறது. தட்டையான பாத்திரத்தில் ஒரு பக்கத்துக்கு நாற்பது வினாடி, திருப்பி நாற்பது வினாடி. எடுத்து ஐந்து எண்ணும்வரை வடியவிட வேண்டும்.

அடுப்பில் சின்ன பர்னர், சிம்முக்குச் சற்று மேலே. நெய் ஒரு தேக்கரண்டி. முதலில் வெண்ணெயில் சுட்டுப் பார்த்திருக்கிறேன், அதில் இருக்கும் பால் திப்பி நாலு நிமிடத்துக்குத் தாங்காமல் கருக்கிறது. நெய்யில் அந்தத் திப்பி கிடையாது. வாய்ப்பக்கம் முப்பது வினாடி, முதல் பக்கம் நாலு நிமிடம், திருப்பியதும் மூடி போட்டு இரண்டு நிமிடம், மூடியை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு நிமிடம். மூடி இல்லாவிட்டால் 3 செ.மீ. கனத்துக்கு நடு வேகாது. கடைசிவரை மூடியே வைத்தால் மொறமொறப்பு போய்விடும். குத்திப் பார்த்தேன்: இனிப்பு 76, காரம் 74.

இனிப்பின் மேல் மிச்சக் கருப்பட்டிப் பாகை நீர்க்க ஒரு கரண்டி விட்டேன். காரத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை. வீட்டுக்காரர் அதன்மேல் சொதியை ஊற்றிச் சாப்பிட்டார், நான் தடுக்கவில்லை. தங்கச்சி மகள் பெங்களூரில் சாப்பிட்டதை விட இனிப்பு நன்றாக இருக்கிறது, காரம் அந்த அளவுக்கு இல்லை என்றாள். கறி இன்னும் கொஞ்சம் சாறாக இருக்கலாமாம். சாறாக வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு முதல் ஞாயிறின் படத்தைக் காட்டினேன். அத்தை இனிப்பில் பாதியைக் காபியில் முக்கித் தின்றுவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு. இதுக்கு எதுக்குட்டி இங்கிலீசுப் பேரு?" என்று அவளைக் கேட்டார்கள்.

செலவு: ரொட்டி இரண்டு 110, முட்டை எட்டு 56, பால் 28, பழம் 30, கருப்பட்டி 45, தேங்காய் 20, நெய் 60, கொத்துக்கறி 240, உள்ளி மிளகு வகையறா 25. மொத்தம் 614 ரூபாய், டோஸ்ட் ஒன்றுக்கு 61 ரூபாய் சொச்சம். தவா, கத்தி 830 ரூபாய் தனிக்கணக்கு. வெப்பமானியை மகன் கணக்கில் எழுதிவிட்டேன். கெட்டுப்போன நாலு ஞாயிறின் கணக்கை நான் எழுதி வைக்கவில்லை, வீட்டுக்காரர் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை சில உண்டு. துண்டை இரண்டரை செ.மீ.யாகக் குறைத்தால் ஒரு ரொட்டியில் ஆறு தேறும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் மிச்சம். ஆனால் பைக்கு இடம் போதுமா என்று ஒரு துண்டில் பார்க்க வேண்டும். கொத்துக்கறியில் கால்வாசி ஈரல் சேர்த்தால் வற்றினாலும் வறண்டு தெரியாது என்று நினைக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கறி கிடையாது. அதற்கு உருளைக்கிழங்கை அவித்து மசித்து, மிளகு தூக்கலாக வறட்டி, அதே இஞ்சித் துவையலோடு ஒரு பதம் பார்க்க வேண்டும்.

தீராமல் நிற்பது ஒன்றுதான். தவாவில் ஒரு தடவைக்கு இரண்டுதான் கொள்ளும். ஐந்தாவதை எடுக்கும்போது முதலாவது ஆறிப்போகிறது. எங்களிடம் ஓவன் இல்லை. இட்லிக் கொப்பரையில் வைத்துப் பார்த்தேன், ஆவியில் நமுத்துவிட்டது. ஹாட்பாக்சும் அதே கதி. பழைய அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, மேலே கம்பித் தட்டு வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காய்ந்த சூடு கிடைக்கும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். ஹாக்ஸா பிளேடு கொடுத்தவர் என்பதால் யோசிக்கிறேன். வருகிற ஞாயிறு கோயிலில் அசனம், எல்லாருக்கும் அங்கேயே சாப்பாடு, வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் வேலை இல்லை. அதற்கடுத்த ஞாயிறு மணலைச் சலித்துக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.